ஒரே வீட்டில், ஒரே பந்தியில்

குடும்பத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிந்ததும், அவருக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னமும் உண்டு. முதலில் கைவிட வேண்டியது அதைத்தான். உடன் உண்பதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ, அவர் மடியில் குழந்தை உறங்குவதாலோ, கொசுக்கடியாலோ இக்கிருமி பரவுவதில்லை. இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே அது பிறர் உடலுள் பிரவேசிக்கிறது.

ஆகவே பிரித்துவைக்க வேண்டியவை சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், ஊசி ஆகியவையே. எவருக்குமே தனியாக இருக்க வேண்டிய பொருள்களாதலால், இதில் அவர் மனம் நோகவும் இடமில்லை.

அரிவாள்மணையில் அவர் விரல் அறுபட்டால், சுத்தமான துணியால் காயத்தை அவரே அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். தரையில் சிந்திய இரத்தத்தைக் கையுறையோ, அது அகப்படாவிடில் பிளாஸ்டிக் பையோ அணிந்து, பழந்துணியால் ஒற்றியெடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அவ்விடத்தில் ஊற்றி, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்த பின், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. அவருக்குப் போட்ட ஊசி பிறர்மேல் குத்திவிட்டால், விரலைப் பிதுக்காமலும் வாயில் வைக்காமலும் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பு மாத்திரைகளை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. அவற்றை 28 நாள் உட்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பிரதானமானது ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை. 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரப்படும் இம்மாத்திரைகளை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு, பரிசோதனையில் புலப்படாத அளவுக்கு இரத்தத்தில் கிருமி குறைந்து, அந்நிலை நீடிக்குமாயின், தாம்பத்திய உறவின் வழியே அது துணைவருக்குப் பரவாது. அந்நிலையை மருத்துவர் உறுதிசெய்யும்வரை ஆணுறை அவசியம். துணைவர், நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாய்க்குத் தொற்று இருப்பின் குழந்தைகளுக்கும் அப்பரிசோதனை வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்க்குமுன் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரைக் கேளுங்கள். சில கூட்டு மருந்துகளின் வீரியத்தை அவை குறைக்கும்.

அன்றாடப் பழக்கத்தில் அவரால் நமக்கு ஆபத்தில்லை. நம்மால் அவருக்கு நேரக்கூடியதோ பெரிது. வீட்டில் எவருக்கேனும் இரண்டு வாரம் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனைக்குத் தாமதமின்றிச் செல்க. அவருக்கோ சிறிது இருமலோ காய்ச்சலோ கண்டாலே போதும், அன்றே ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிவிக்க வேண்டும்.

அவருக்குத் தொற்று இருக்கும் செய்தியை அவர் சம்மதமின்றி உறவினரிடமும் சொல்லலாகாது. எச்.ஐ.வி. தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த இரகசியத்தைப் பாதுகாக்கிறது. சந்தேகம் எழுந்தால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.