பிள்ளைகளின் பாட்டு வேளை

கேள்வி: தோட்டத்துச் சபையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பாட்டு வேளையில் சிறுவர்கள் கூச்சலிடுகிறார்கள். பெரிய பிள்ளைகளோ வாய் திறப்பதேயில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, டிக்கோயா

பதில்: சகோதரி, கூச்சல் என்பது பெரும்பாலும் குறும்பினால் அன்று, சுருதி பிள்ளைகளின் குரலுக்கு எட்டாத உயரத்திலோ பள்ளத்திலோ அமைந்துவிடுவதனாலேயே பிறக்கிறது, ஆகையால் முதலில் தாங்கள் மெல்லப் பாடி, அவர்கள் சிரமமின்றிப் பற்றிக்கொள்ளும் சுருதியை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறன்று ஒரே புதிய பாட்டு போதும். அதன் கருத்தைச் சுருக்கமாக விளக்கி, அடி அடியாகத் தாங்கள் பாட, அவர்கள் திருப்பிப் பாடட்டும்.

பாட்டைத் தெரிந்தெடுப்பதில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், ஜனங்கள் முன்னரே ரசித்துவந்த நாடக வடிவத்தில் கிறிஸ்தவச் செய்தியை அமைத்த யுக்தி தங்களுக்கும் வழிகாட்டும். தங்கள் டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் போன்ற ஆலயங்களில் ஆங்கிலேயத் துரைமார் பாடிய ஞானப்பாட்டுகளின் இராகங்கள் இனிமையானவையே எனினும், தோட்டத்து லய வீட்டு வாசலில் கும்மியும் கோலாட்டமும் கண்டு வளர்ந்த குழந்தைக்குக் கைத்தாளத்தோடு கூடிய கீர்த்தனையே விரைவில் வசமாகும்.

பெரிய பிள்ளைகளைப் பாடும்படி நிர்ப்பந்திக்க வேண்டாம்; ஒருவனிடம் கஞ்சிராவையும், இன்னொருத்தியிடம் சிறுவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படையுங்கள். பொறுப்பு வந்தால் கூச்சம் தானே விலகும்.