‘அமரன்’ பார்த்துச் சண்டை போட்ட அப்பாவும் மகனும்

அன்புள்ள காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வாசகருக்கு,

‘அமரன்’ பார்த்துவிட்டு வந்த இரவு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அப்பாவும் போட்ட சண்டையை விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணா காலத்துத் தி.மு.க.காரர் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நீங்களோ கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். “ஒரே படத்தைத்தானே பார்த்தோம்?” என்று கேட்கிறீர்கள்.

படம் ஒன்றுதான். ஆனால் ராணுவப் படம் என்றால், டிக்கெட் கிழிக்கும் முன்பே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும். 2024 தீபாவளிக்கு வந்த இதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி சாய் பல்லவி ராணுவத்தைப் பற்றி எப்போதோ பேட்டியில் சொன்னதைத் தோண்டியெடுத்து ஒரு சாரார் எகிறினார்கள். காஷ்மீர் முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகிறது என்று எஸ்.டி.பி.ஐ. ஆர்ப்பாட்டம் நடத்தியது. நெல்லை மேலப்பாளையத்தில் படம் ஓடிய தியேட்டரில் பெட்ரோல் குண்டே விழுந்தது. படம் யாருடைய கதையோ அந்த மேஜர் முகுந்தின் சாதியை ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு கூட்டம். இந்தியன், தமிழன் என்ற அடையாளம் போதும் என்பது பெற்றோரின் விருப்பம் என்றார் இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி. இத்தனைக்கும் நடுவே ஸ்டாலினும் பாராட்டினார், பா.ஜ.க.வினரும் பாராட்டினார்கள். நம் மாநிலத்தில் இது லேசில் நடக்கிற காரியமா?

நடந்ததற்குக் காரணம் துப்பாக்கியல்ல, ஊர். மேஜர் முகுந்த் வரதராஜன் தாம்பரத்துப் பையன். பி.காம். படித்தது உங்கள் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில். 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் உயிரை விட்டவருக்கு அடுத்த ஆண்டு அசோக சக்கரம் தந்தார்கள். டெல்லி என்றாலே முகம் சுளிப்பவரும் ‘நம்ம பையன்’ என்றதும் இளகிவிடுகிறார்.

அப்பாவின் கண்ணீருக்கு இன்னும் பழைய கணக்கும் இருக்கலாம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டவர் உங்கள் ஊர் அண்ணா. அக்டோபரில் சீனப் படை வந்ததும் அந்தக் கோரிக்கையை ஒதுக்கி வைத்தார். மறு ஆண்டு கைவிட்டே விட்டார். சீனப் போரை வைத்து சிவாஜி நடித்த ‘இரத்தத் திலகம்’ வந்ததும் அதே 1963-இல்தான். நாடு வேறு, டெல்லி வேறு என்று பிரித்துப் பார்க்க அந்தத் தலைமுறை அப்போதே பழகிவிட்டது.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முகுந்தின் மனைவி இந்துவின் காத்திருப்புக்கு அத்தனை நேரம் ஒதுக்கிய படம், சண்டை நடக்கும் தெருவில் குடியிருப்பவனுக்கு ஒரு முகம்கூடத் தரவில்லை. இதை உரக்கச் சொல்லலாம். குண்டு வீசுவது விமர்சனம் ஆகாது.

நாம் யாரும் யோக்கியர்கள் இல்லை என்பதற்கு 2013 சாட்சி. ஜனவரியில் கமலின் ‘விஸ்வரூபம்’ தடைபட்டு, சில இடங்களை நீக்கிய பிறகே இங்கே வெளியானது. ஆகஸ்டில் ஈழத்தை முன்வைத்து எதிர்ப்பு எழுந்ததால் ‘மெட்ராஸ் கஃபே’ தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வரவே இல்லை. முதலாவதற்குக் கருத்துச் சுதந்திரம் பேசியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்கு வாய் திறந்தார்கள்?

‘இரத்தத் திலக’த்தை அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். அதில் நீங்கள் எங்கே கைதட்டினீர்கள், அவர் எங்கே நெளிந்தார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.