மறைந்தவை அழிந்தவை அல்ல



நம் மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார் ஆசிரியர். அண்மையில் நான் பட்டுணர்ந்த பாடத்தையே இங்கு எழுதத் துணிந்தேன்.

யூனிக்ஸ் முறையில் வட்டுகள் எத்தனையாயினும் அடைவு மரம் ஒன்றே. வேறொரு கணினியின் அடைவையும் அம்மரத்தின் கிளையொன்றில் பொருத்தலாம். அதற்குரிய கட்டளை மவுண்ட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறை இப்பணிக்கு இன்றும் வழங்கி வருகிறது.

பொருத்தும் இடத்தில் முன்னரே ஓர் அடைவு இருத்தல் வேண்டும். அதில் கோப்புகள் இருந்தால் என்ன ஆகும்? பாயின்மேல் ஒரு கடிதம் கிடக்கிறது. அதைப் பாராமல் ஜமக்காளத்தை விரிக்கிறோம். கடிதம் தொலைந்ததா? இல்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. கோப்புகளும் அத்தகையனவே. மேலடைவும் கீழடைவும் கலப்பதில்லை. மேலிருப்பது மட்டுமே தெரியும்.

இதனை அறியாமல் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். தீபாவளி விடுமுறைக்கு முன்னாள் இரவு மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது எங்கள் கணினி முந்திக்கொண்டது, சர்வர் பிந்தியது. ஆகவே பொது அடைவு பொருந்தவில்லை. அதைக் கவனியாமல் என் கணக்கீட்டைத் தொடங்கிவிட்டு ஊருக்குப் புறப்பட்டேன். முடிவுகள் யாவும் உள்வட்டிலேயே எழுதப்பட்டன. விடுமுறை முடிந்ததும் பொறுப்பாளர் பொது அடைவைப் பொருத்தினார். நான் வந்து பார்த்தால், ஐந்து நாள் உழைப்பைக் காணோம்!

பழைய கோப்புகளை நீக்கும் வேலை இளைய மாணவர் ஒருவருடையது. "தம்பி, என்ன செய்தாய்?" என்று சினந்தேன். "நான் தொடவே இல்லை அண்ணா" என்றார். நான் நம்பவில்லை.

மறுநாள் அவரே வந்து, "அண்ணா, டி.எஃப். கட்டளை வட்டில் நிரம்பிய இடம் மிகுதி என்கிறது. டி.யூ. கொண்டு கோப்புகளைக் கூட்டினால் அவ்வளவு வரவில்லையே" என்றார். உண்மை விளங்கிற்று. பிறர் வேலையிலிருந்ததால் பொது அடைவைக் கழற்ற இயலவில்லை. எனவே பொறுப்பாளர் மூல அடைவை 'பைண்ட்' முறையில் வேறோர் இடத்தில் பொருத்தினார். அம்முறையில், கூடவே சொல்லாவிட்டால், மேலே பொருத்தியவை உடன் வருவதில்லை. ஆகவே அவ்வழியே அடியில் கிடந்த கோப்புகள் அனைத்தும் தெரிந்தன. படியெடுத்துக்கொண்டேன்.

இனி மூன்று எச்சரிக்கைகள். பொருத்துவதற்கென வைத்த அடைவை வெறுமையாகவே வைத்திருங்கள். கணக்கீட்டைத் தொடங்குமுன், அடைவு பொருந்தியுள்ளதா என்று 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் சோதியுங்கள். இல்லையேல் நின்றுவிடுமாறு நிரலிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது கணினிக்குரியதன்று: காணாமற்போனதைத் தேடுமுன் ஆளைத் தேடாதீர்கள்.

அத்தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.