பழுது பார்க்கும் தொழில்

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. 'எத்தொழிலை மேற்கொள்வது?' என்பதே அது. நாடு செழித்திருக்குங்கால் இதற்கு விடை காண்பது அத்துணை அரிதன்று. ஆலைகள் ஆட்களை அழைக்கும். அலுவலகங்களும் புதியவர்களைத் தேடும். வாணிகம் மந்தமுற்ற காலத்திலோ நிலைமை வேறு. பொருள்கள் விலைபோகாமல் தேங்கும். ஆலைகள் ஆட்களைக் குறைக்கும். கற்றவரும் வேலை தேடி அலைவர். அத்தகைய காலத்தில் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் எதனை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்? மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1929-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து வங்கிகள் பல மூடப்பட்டன. 1933-ஆம் ஆண்டில் அந்நாட்டு உழைப்பாளர் நால்வருள் ஒருவர் வேலையின்றி வருந்தினார். மோட்டார்த் தொழிலின் நடுவிடமாக விளங்கிய டெட்ராயிட் நகரம் பெரிதும் வாடியது. 1929-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 53 இலட்சம் மோட்டார் வண்டிகள் செய்யப்பட்டன. 1932-இல் செய்யப்பட்டவை ஏறத்தாழ 13 இலட்சமே.

இக்கணக்கை மட்டும் நோக்குவோர், மோட்டார்த் தொழிலை நாடுவது அறியாமை என்றே முடிவு செய்வர். ஆனால், மற்றொரு கணக்கும் உண்டு. 1929-இல் அந்நாட்டில் பதிவு பெற்றிருந்த வண்டிகள் சுமார் 2 கோடியே 67 இலட்சம். 1933-இல் அவை சுமார் 2 கோடியே 41 இலட்சம். புதிதாகச் செய்யப்பட்ட வண்டிகள் காற்பங்காகச் சுருங்கின. பதிவிலிருந்த வண்டிகளோ பத்தில் ஒரு பங்களவே குறைந்தன. இவ்வேறுபாட்டின் காரணம் யாது?

கையில் பணம் குறைந்தவர் புதிய வண்டி வாங்குவதை நிறுத்திவிடலாம். பயணத்தை அடியோடு நிறுத்த இயலாது. உழவர் தம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தொழிலாளி நெடுந்தொலைவிலுள்ள ஆலைக்குச் செல்ல வேண்டும். ஆகவே, அவர்கள் பழைய வண்டியையே பேணி ஓட்டினர். வண்டி பழையதாக ஆக, அதன் உறுப்புகள் தேய்கின்றன, பிரேக்கு தளர்கிறது, பாட்டரி வலுவிழக்கிறது, எஞ்சின் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கிறது. புதிய வண்டி விற்பவருக்கு வேலை குறைந்த அக்காலத்தில், பழைய வண்டியைச் செப்பனிடுபவரின் தேவை அவ்வளவு குறையவில்லை.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 2007-இல் சுமார் 1 கோடியே 60 இலட்சம் புதிய வண்டிகள் விற்பனையாயின. 2009-இல் அத்தொகை சுமார் 1 கோடியே 4 இலட்சமாக வீழ்ந்தது. அவ்வாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய பெருநிறுவனங்களே நொடிப்பு நிலையை அடைந்து நீதிமன்றத்தை நாடின. ஆயினும், சாலைகளில் ஓடிய வண்டிகளின் சராசரி வயது உயர்ந்துகொண்டே சென்றது. 2012-இல் அது ஏறத்தாழ 11 ஆண்டாயிற்று.

இவற்றைக் கண்டு, இத்தொழிலுக்கு இடரே இல்லை என எண்ணிவிடலாகாது. மந்த காலத்தில் மக்கள் பழுது பார்ப்பதையும் தள்ளிப் போடுவர். சிலர் கூலியைக் கடனாக நிறுத்துவர். வேறு வேலை இழந்தோரும் இத்தொழிலை நாடி வருவர். 2009-இல் வண்டி விற்கும் நிலையங்கள் பல மூடப்பட்டபொழுது, அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் மூடப்பட்டன. எனவே, தொழிலின் பெயர் மட்டும் ஒருவரைக் காவாது. தொழிலில் அவர் பெற்ற தேர்ச்சியும், அவருடைய நேர்மையுமே அவரைக் காக்கும்.

தேர்ச்சி என்பது யாது? வண்டி கிளம்பவில்லை என்று ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். தேர்ச்சியற்றவர் உடனே புதிய பாட்டரியை மாற்றுவார். தேர்ந்தவரோ, பாட்டரிக்கு மின்னேற்றும் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா, கம்பி இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா என்று முதலில் ஆராய்வார். கம்பி இணைப்பு தளர்ந்திருந்தால், அதனை இறுக்குவதோடு வேலை முடிந்துவிடும். பழுதை நீக்குவதினும் அதன் காரணத்தைக் காண்பதே இத்தொழிலின் உயிர்நாடி.

நேர்மையின் தேவை அதனினும் பெரிது. வண்டியின் உள்ளுறுப்புகளைப் பற்றி உரியவர் பெரும்பாலும் அறியார். மெக்கானிக்கின் சொல்லையே நம்புகிறார். அவரிடம் பணமும் குறைவு. வண்ணம் மங்கியதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த பிரேக்கை ஒரு நாளும் தள்ளிப் போடலாகாது. எது பொறுக்கும், எது பொறுக்காது என்று உண்மையைச் சொல்பவர், அவருடைய பணத்தையும் காக்கிறார், உயிரையும் காக்கிறார். அத்தகையவரைத் தேடி மக்கள் மீண்டும் வருவர் என்பதில் ஐயமில்லை.

இத்தொழில் மாறிக்கொண்டே வருவதையும் மாணவர்கள் கருத வேண்டும். இக்காலத்து வண்டிகளில் எஞ்சினின் இயக்கத்தைக் கணிப்பொறி ஆள்கிறது. மின்கலத்தால் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் எண்ணெயும் இல்லை. தீப்பொறி தரும் பிளக்கும் இல்லை. எனினும் டயரும், பிரேக்கும், மின்கம்பிகளும் அதில் உண்டு. ஆதலின், கைப்பழக்கத்தோடு இயற்பியல் அறிவும் இன்றியமையாததாகும். நம் நாட்டில் பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சியை ஈராண்டுகள் பெறலாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலைகளில் பழகவும் வாய்ப்புண்டு.

கையில் எண்ணெய்க்கறை படியும் தொழில் தாழ்ந்தது என்று கருதுவோர் இன்றும் உளர். நடுவழியில் வண்டி நின்றபின் அவரும் தேடுவது அக்கையைத்தான். மாணவர்களே! தொழிலைத் தேர்ந்தெடுக்குங்கால், இன்று அதற்குள்ள மதிப்பை மட்டும் நோக்காதீர்கள். 'வறுமைக் காலத்திலும் மக்களுக்கு இது தேவைப்படுமா? இதனைப் பழுதறக் கற்று, நேர்மையுடன் செய்ய என்னால் இயலுமா?' என்று எண்ணிப் பாருங்கள். இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்று உங்கள் உள்ளம் விடை கூறுமாயின், அத்தொழிலை அச்சமின்றி மேற்கொள்ளுங்கள்.

வினாக்கள்

1. 1929-க்குப் பின் புதிய வண்டிகள் குறைந்த அளவுக்குப் பதிவிலிருந்த வண்டிகள் குறையாமைக்குக் காரணம் யாது?
2. மந்த காலத்தில் பழுது பார்க்கும் தொழிலுக்கு நேரும் இடர்கள் யாவை?
3. தேர்ந்த மெக்கானிக்கிற்கும் தேர்ச்சியற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. நும் ஊரில் மந்த காலத்திலும் தேவைப்படும் மற்றொரு தொழிலைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.