அனுப்பியவர் பெயரை எழுதுவது யார்?

பல்லேகலயில் மாகாண சபைக் கட்டடத் தொகுதியும் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் பேட்டையும் இருக்கின்றன. திணைக்களத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு, தொழிற்சாலையிலிருந்து கொழும்பு வங்கிக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கு என்று வேலை முழுவதும் மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. இப்படியான இடங்களில் அனுப்பியவர் பெயர் பிழைத்துப்போவது வழக்கமான தலைவலி. இடமாற்றம் பெற்றுப் போனவரின் பெயரிலேயே புதிய உத்தியோகத்தரின் கடிதம் போகும். தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்து குடும்பப் பெயராகிப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். திருத்தக் கேட்டால் இரு நிறுவனங்களும் மற்றதைக் கைகாட்டும். இதற்குக் காரணம் பெரும்பாலும் சில தவறான நம்பிக்கைகளே.

நம்பிக்கை: பெயர் பிழையாகத் தெரிந்தால், பிழை அனுப்பியவருடையது.

பாதிதான் உண்மை. அனுப்புநர் வரியில் இரண்டு துண்டுகள் உண்டு: ஒன்று பெயர், மற்றது கோண அடைப்புக்குறிக்குள் இருக்கும் முகவரி. பெயரை அனுப்பும் பக்கம் எழுதுகிறது. பெறும் பக்கம் அதை அப்படியே காட்டவேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த முகவரியை நீங்கள் உங்கள் போனில் வேறு பெயரில் சேமித்திருந்தால், பல செயலிகள் நீங்கள் வைத்த பெயரையே காட்டும். நிறுவனங்களுக்கிடையில் இது இன்னும் சிக்கலாகிறது. மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் பாவிக்கும் நிறுவனம், வெளியாரின் முகவரிகளையும் தன் பொதுப் பட்டியலில் தொடர்பாகச் சேர்த்துவைக்கலாம். இரு சேவையகங்களும் ஒன்றையொன்று நம்பும்படி இணைக்கப்பட்டிருந்தால், வரும் அஞ்சலின் முகவரியைத் தன் பட்டியலில் தேடி, அங்கே பதிந்திருக்கும் பெயரையே அது காட்டிவிடும். அங்கே பெயர் பிழையென்றால், அனுப்புகிறவர் தன் பக்கத்தில் எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

எந்தப் பக்கம் பிழை என்று கண்டுபிடிப்பது எளிது. அதே ஆள் வேறொரு நிறுவனத்து முகவரிக்கும் ஓர் அஞ்சல் அனுப்பட்டும். இரண்டிலும் ஒரே பிழை என்றால் அனுப்பும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் என்றால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் அஞ்சலின் அசல் வடிவத்தைத் திறக்கலாம். ஜிமெயிலில் அஞ்சலின் மேலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அந்தத் தெரிவு வரும். அனுப்பும் பக்கம் எழுதிய பெயர் அங்கே ஒப்பனையில்லாமல் இருக்கும்.

நம்பிக்கை: ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

பெயர் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. மைக்ரோசொப்ட் 365இல் நிர்வாகி பெயரை மாற்றியபின்னும், அவுட்லுக் தன்னிடமுள்ள முகவரிப் புத்தகப் பிரதியை வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தானாக வந்து விழும் பட்டியல் இதிலிருந்தும் தனி. பழைய பெயரை அங்கிருந்து ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் நீக்க வேண்டும். அந்த வரியின் ஓரத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதும். சாதாரண ஐமேப் கணக்கென்றால் போன், மடிக்கணினி, அலுவலகக் கணினி ஒவ்வொன்றிலும் 'உங்கள் பெயர்' என்ற கட்டம் தனித்தனியே உண்டு. மேசையிலிருந்து அனுப்பினால் புதிய பெயர், போனிலிருந்து அனுப்பினால் பழைய பெயர் என்று வருவது இதனால்தான். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த அஞ்சல்களில் எழுதப்பட்ட பெயரோ இனி மாறாது.

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தின் பெயரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2007இல் இலங்கை – அவுஸ்திரேலிய டெஸ்ட் தொடருக்கு வார்ன் – முரளிதரன் கிண்ணம் என்று பெயரிட்டபோது, முத்தையா முரளிதரன் விரும்பும் ஆங்கில எழுத்துக்கூட்டல் எதுவென்று தெளிவுபடுத்தி, அதையே பயன்படுத்தினார்கள். ஆனால் 2010இல் இந்த மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை தீர்மானித்தபோது செய்திகளில் வந்தது பழைய எழுத்துக்கூட்டல்தான். உலகறிந்த மனிதருக்கே இப்படியென்றால், சாதாரண எழுதுவினைஞர் தன் பெயர் தானாகத் திருந்தும் என்று காத்திருக்கக் கூடாது. ஒவ்வோர் இடமாகக் கேட்டுத்தான் திருத்த வேண்டும்.

நம்பிக்கை: முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும் படிவத்தில் தமிழ்ப் பெயருக்கு இடமில்லை.

மைக்ரோசொப்ட் 365இல் காட்டப்படும் பெயருக்குத் தனிக் கட்டமே உண்டு. மற்ற இரண்டு கட்டங்களில் என்ன இருந்தாலும், இதில் தலைப்பெழுத்தை முன்னால் போட்டு எழுதலாம். நிர்வாகி மனம் வைத்தால் ஒரு நிமிட வேலை.

தமிழ் எழுத்திலும் பெயர் வைக்கலாம். ஆங்கிலமல்லாத பெயரைக் குறியீடாக்கி அனுப்பும் முறை 1996இலேயே ஆர்எஃப்சி 2047 என்ற தரநிலையாக வந்துவிட்டது. அதன்படி ஒரு குறியீட்டுத் துண்டு 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். வழக்கமான பேஸ்64 குறியீட்டில் ஒரு துண்டில் 15 குறிகள்தான் அடங்கும். சிவசுப்பிரமணியம் என்ற பெயரில் புள்ளி, உயிர்க்குறி எல்லாம் சேர்த்து 16 குறிகள். ஆகவே அது இரண்டு துண்டாகப் போகும். மோசமாக எழுதப்பட்ட மென்பொருள் ஒரு குறியின் நடுவிலேயே வெட்டிவிட்டால், பெயருக்குள் கேள்விக்குறிச் சதுரங்கள் முளைக்கும். குறை மென்பொருளினுடையது, பெயரைச் சுருக்கச் சொல்வது அதற்குத் தீர்வாகாது.

நம்பிக்கை: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் போட்டாயிற்று, இனி பெயரை நம்பலாம்.

இதுதான் ஆபத்தானது. அஞ்சல் போலியா என்று சோதிக்கும் இம்மூன்று முறைகளும் ஆராய்வது முகவரியின் பின்பாதியான டொமைனை. பெயரை அவை பார்ப்பதே இல்லை. கடித உறையில் ஒரு முகவரி, உள்ளே தாளில் இன்னொரு பெயர் என்பதுபோல், அஞ்சலிலும் உறையும் தாளும் வேறு வேறு. தாளிலுள்ள முகவரியின் டொமைன், உறையின் டொமைனோடோ டிகிம் கையொப்பத்தின் டொமைனோடோ ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு டிமார்க் நிறுத்திக்கொள்கிறது. இலவச ஜிமெயில் கணக்கொன்றைத் திறந்து, உங்கள் பிரதம கணக்காளரின் பெயரை வைத்து ஒருவர் அஞ்சல் அனுப்பினால் மூன்று சோதனைகளிலும் அது தேறிவிடும். வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று எழுதிப் பணத்தைத் திசைதிருப்பும் மோசடிகள் இந்த வழியாலும் வருகின்றன. இத்தகைய வணிக மின்னஞ்சல் மோசடிகளால் 2023இல் ஏற்பட்ட இழப்பு என்று அமெரிக்க எஃப்பிஐக்கு முறையிடப்பட்ட தொகை மட்டும் 290 கோடி டொலரைத் தாண்டியது.

போனில் இது இன்னும் எளிதாக ஏமாற்றும், சிறிய திரையில் பெயர் மட்டும்தானே தெரிகிறது! பெயரின் மேல் விரலை வைத்து முகவரியை விரித்துப் பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டதென்றால் அஞ்சலில் தந்திருக்கும் இலக்கத்துக்கல்ல, முன்பே உங்களிடமுள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நம்பிக்கை: பெயர்தானே, சின்ன விஷயம்.

பழைய உத்தியோகத்தரின் பெயரில் அஞ்சல் போய்க்கொண்டிருந்தால், பெயரும் ஆளும் பொருந்தாத அஞ்சலுக்கு எல்லோரும் பழகிவிடுவார்கள். நாளை மோசடி அஞ்சல் வரும்போது அந்தப் பொருந்தாமை யாருக்கும் உறுத்தாது. தவிர, இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கேட்பதை ஓர் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது.

திருத்தக் கேட்கும்போது 'என் பெயர் பிழை' என்று மட்டும் எழுதாதீர்கள். காட்டப்படவேண்டிய பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதி, பிழையாகத் தெரியும் திரையின் படம், அஞ்சலின் அசல் வடிவம், அதைத் திறந்து பார்த்த செயலியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து இரு நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கும் ஒரே அஞ்சலாக அனுப்புங்கள்.