கம்ப்யூட்டரில் சுரங்களை வழுக்கி வாசிக்க

கம்ப்யூட்டரில் இசை என்றதும் பலர் பாட்டு கேட்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். வாசிக்கவும் செய்யலாம். தனி கீபோர்டு வேண்டியதில்லை.

மரக்காணம் சாலையில் உள்ள எங்கள் கீழ்புத்துப்பட்டில் நாதஸ்வரம் வாசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பல் போனபின் சீவாளி உதட்டில் நிற்கவில்லை. "தம்பி, பேத்திக்குக் காது குத்துறோம். நான் வாசிச்ச ஒரு வரியாவது உன் பெட்டியில வருமா?" என்று கேட்டார். முதல் நாள் நான் வாசித்துக் காட்டியதும், "படிக்கட்டுல தடதடன்னு இறங்குற மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கிளைடு. 1970-ல் வந்த மினிமூக் கருவியிலேயே இதற்குத் தனித் திருகு இருந்தது.

2020-ல் வெளிவந்த வைட்டல் என்ற சாப்ட்வேர் சிந்தசைசரின் அடிப்படைப் பதிப்பு இலவசம். இன்ஸ்டால் செய்து திறந்ததும் உங்கள் டைப் செய்யும் கீபோர்டே வாத்தியமாகிவிடும். ஏ, டபிள்யூ, டி, எஃப், ஜி, ஒய், ஜே, கே என்ற வரிசையில் தட்டிப் பாருங்கள். மாயாமாளவகௌளை ஆரோகணம்! சரளி வரிசை கற்றவர்கள் உடனே பிடித்துக் கொள்வார்கள்.

இனி திரையின் கீழ்ப்பகுதியில் வாய்சஸ் என்ற எண்ணை 1 ஆக்குங்கள். நாதஸ்வரத்தில் ஒரு சமயம் ஒரு சுரம்தானே வரும்? அடுத்து லெகாட்டோவை க்ளிக் செய்யுங்கள். இதனால் ஒவ்வொரு சுரமும் புதிதாகத் தொடங்காமல் ஒரே மூச்சில் ஊதியது போல் தொடரும். பிறகு கிளைடு திருகை 0.08 விநாடி அளவுக்குத் திருப்புங்கள். நான் ஆசையில் 0.4 வைத்தேன். சைரன் மாதிரி ஊளையிட்டது. பெரியவர் சிரித்துவிட்டார்.

முக்கியமான விஷயம், முதல் விசையை விடுமுன் அடுத்ததை அழுத்த வேண்டும். அப்போதுதான் வழுக்கும். விரலை எடுத்துவிட்டு அழுத்தினால் சுரம் தனியாக நிற்கும். எந்த இடத்தில் வழுக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்பது இப்படி உங்கள் விரலிலேயே இருக்கிறது. ஆல்வேஸ் கிளைடு பட்டனை அழுத்திவிட்டால் எல்லாமே வழுக்கும், அதைத் தொடாதீர்கள். ஆக்டேவ் ஸ்கேல் என்பதை அழுத்தினால் தூரத்துச் சுரத்துக்குப் போக அதிக நேரம் எடுக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

இதனால் ஜாரு ஓரளவு வரும். கம்பிதம் வராது. கிளைடு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் நின்றுவிடும், அசையாது. அசைவுக்குப் பக்கத்திலுள்ள பிட்ச் சக்கரத்தை மவுஸால் மெல்ல மேலும் கீழும் இழுக்க வேண்டும். ஏ.ஆர்.ரஹ்மான் 2009-ல் வெளியான 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் கன்டினியம் என்ற கருவியைப் பயன்படுத்தினார். அதில் தனித்தனி விசைகளே கிடையாது; விரலை நகர்த்தினால் சுரமும் நகரும். நமக்கு மவுஸ் போதும்.

நான்கு மாலை உட்கார்ந்தோம். காந்தாரத்தை அசைக்கும் இடத்தில் பெரியவர் என் கையின் மேல் கை வைத்து மவுஸை அவரே ஓட்டினார். ஆடாசிட்டியில் ஹோஸ்ட் பட்டியலில் வாசாபி, ரெக்கார்டிங் பட்டியலில் லூப்பேக் என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தேன். மொத்தம் பதினோரு விநாடி. "ரிஷபத்துல இன்னும் அவசரம், மறுபடி எடு" என்கிறார்.