கோடையில் காட்டு வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே காட்டு வேலைக்கும் வர விரும்பும் தம்பிகளே, தங்கைகளே! ஒவ்வொரு பங்குனியிலும் புதிதாகச் சிலர் பெயர் கொடுக்கிறீர்கள். ஆவணிக்குள் பாதிப்பேர் காணாமல் போகிறீர்கள். வெயிலுக்கோ யானைக்கோ பயந்து நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் வீட்டில் மனக்கசப்பு வந்துதான் நின்றுபோகிறீர்கள். அதை மனத்தில் வைத்துத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

1. காலண்டரில் வீட்டுத் தேதிகளை முதலில் குறியுங்கள். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து ஜூன் வரை விடுமுறை. மாமனார் ஊர்த் திருவிழா, தங்கை வீட்டுக் காதுகுத்து, அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகும் நாள் எல்லாவற்றையும் வீட்டுக்காரரோடு, வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து குறியுங்கள். அடுத்து ஷிஃப்ட். அதற்கும் பிறகு மிச்சமிருக்கும் நாள்களை எங்களுக்குக் கொடுங்கள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு தேறினால் போதும். ஒரு மே மாதம் முழுக்க வந்துவிட்டு மறைகிறவரைவிட, இரண்டு ஞாயிறாக ஆண்டுக்கணக்கில் வருகிறவர்தான் காட்டுக்கு வேண்டும். வருகிறேன் என்று சொன்ன நாளில் மட்டும் வராமல் இருக்காதீர்கள். உங்களை நம்பி ஒரு வனக்காப்பாளர் தன் வேலையை மாற்றி வைத்திருப்பார்.

2. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வண்டியை எடுத்துக்கொண்டு அஞ்செட்டிக்குக் கிளம்பக் கூடாது. தூக்கக் கலக்கத்தோடு அந்த மலை வளைவுகளில் பைக் ஓட்டுகிறவரை நான் குழுவில் சேர்த்துக்கொள்வதில்லை. இதில் விவாதமே இல்லை.

3. அனுமதி இல்லாமல் ஓரடிகூட உள்ளே வைக்காதீர்கள். ஓசூர் வனக்கோட்டத்தில் 2014இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயம் ஆனது. கர்நாடகத்துக் காவிரிச் சரணாலயத்தோடு நம் பக்கத்துக் காடு ஒரே நிலமாகச் சேர்ந்தது இப்படித்தான். இரு மாநில யானைகளும் நடமாடும் இந்த நிலத்தில், தெரிந்த பாதைதானே என்று நுழைவதற்கு யாருக்கும் உரிமையில்லை. குரங்கணியை மறந்துவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலையில் பற்றிய தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. காய்ந்த போதைப்புல்லில் பிடித்த தீ காற்றோடு மேட்டில் ஏறும் வேகத்துக்கு மனிதர்களால் ஓட முடியாது. கூட வரும் வாட்ச்சர் அண்ணன் திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். காரணத்தை ஜீப்பில் ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

4. உண்ணிச்செடி பிடுங்குவதுதான் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இன்று நம் காட்டின் அடித்தளத்தையே மூடிக் கிடக்கிறது. அது மூடிய இடத்தில் புல் வராது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் யானைக்கும் அங்கே வேலையில்லை, அவை ஊர்ப்பக்கம் திரும்பும். இத்தகைய அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கை அறிவித்தது.

புதிதாக வருகிறவர்கள் அரிவாளை எடுத்துத் தண்டை வெட்டித் தள்ளிவிட்டு நிறைய வேலை செய்ததாக நினைக்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். செடியின் அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும், துளிர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த முடிச்சுக்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு முழுப் புதரையும் தூக்கித் தலைகீழாக வையுங்கள், வேர் வானத்தைப் பார்க்க வேண்டும். கிளை தரையைத் தொட்டால் அங்கேயும் வேர்விடும் சாதி அது. நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும்போது இதைச் செய்தால் கைதான் கிழியும். ஒரு கோடை மழை விழுந்து மண் இளகிய வாரத்தில், காய் பழுப்பதற்கு முன் செய்யுங்கள். பழுத்துவிட்டால் சின்னான்கள் தின்று விதையைக் காடெங்கும் போட்டுவிடும்.

புதரில் கை வைப்பதற்கு முன் தடியால் தட்டுங்கள். விரியன் படுத்திருக்கலாம். சின்னான் கூடு கட்டியிருக்கவும் கூடும். கூடு இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், குஞ்சு பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

5. மே மாதத்தில் யானைக் கணக்கெடுப்பு வந்தால், தன்னார்வலர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டும். 2023இல் மே 17 முதல் 19 வரையும், 2024இல் மே 23 முதல் 25 வரையும் தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்தின. தமிழகத்தில் முதல் முறை 2,961 யானைகளும், அடுத்த ஆண்டு 3,063 யானைகளும் என்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் மூன்று நாள் நடை இருக்கிறது. முதல் நாள் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து நடந்து, நேரில் பார்த்த யானைகளை எண்ணுவார்கள். இரண்டாம் நாள் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் போய் லத்திக் குவியல்களைக் குறிப்பார்கள். மூன்றாம் நாள் நீர்நிலைக் கரையில் உட்கார வேண்டும்.

மூன்றாம் நாளுக்குத்தான் பொறுமை வேண்டும். காற்று உங்களிடமிருந்து தண்ணீர்ப் பக்கம் வீசக் கூடாது. ஒரு சிட்டிகை மண்ணை உதிர்த்துப் பார்த்தே இடம் பிடியுங்கள். வாசனைச் சோப்பு, பவுடர், தலைக்கு மணக்கும் எண்ணெய் எதுவும் அன்று வேண்டாம். கூட்டம் வந்ததும் மொத்தத்தை எண்ணிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தந்தமில்லாததெல்லாம் பெண் அல்ல, மக்னா எனும் தந்தமில்லாத ஆணாக இருக்கலாம், நெற்றியையும் உடல் பருமனையும் பாருங்கள். குட்டிகளைத் தனியாக எழுதுங்கள். தாயின் காலுக்கிடையில் நிற்பதை எளிதில் தவறவிடுவோம். காதில் கிழிசல் இருந்தால், வால்முடி இல்லாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அதே கூட்டம் மாலையில் திரும்பி வந்தால் இரண்டு முறை எண்ணாமல் இருக்க அதுதான் உதவும்.

இந்த மூன்று நாளும் உங்கள் போனில் சிக்னல் இருக்காது. எந்தச் சரகம், யாரோடு போகிறேன், எத்தனை மணிக்குத் தார்ரோட்டுக்கு வருவேன் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள், ரேஞ்சர் ஆபீஸ் நம்பரையும் சேர்த்து. தார்ரோட்டில் கால் வைத்ததும் முதல் அழைப்பு வீட்டுக்குப் போக வேண்டும். யானைப் படத்தைக் குரூப்பில் போடுவது பிறகுதான்.

6. காட்டோர ஊர்களில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தளி, ஜவளகிரிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும்தான் முதலில் காதில் விழும். பெரியவரைப் பார்த்தால் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசுங்கள், பயிர் எப்படி என்று கேளுங்கள். ஒரே இரவில் ராகி மொத்தத்தையும் இழந்த மனிதரிடம் யானையின் பெருமையைப் பேசப் போகாதீர்கள்.

7. பிள்ளைகளைச் சரணாலயத்துக்குள் இழுத்துவராதீர்கள். அவர்களுக்கு ஏரிக்கரை போதும். காலை ஆறரைக்கு ராமநாயக்கன் ஏரிக்கோ, உங்கள் ஊர் ஏரிக்கோ கூட்டிப்போய் ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். முக்குளிப்பான் மூழ்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்காமல் இட்லிக் கடைக்கு அழைத்துப் போய்விடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளையானால் கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப் போங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு நம் எல்லைக்குள் நுழைகிறது. மழைநாளில் மதகில் தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல எழும். நுரையைத் தொட விடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்கும், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நாம் வேலை பார்க்கும் ஆலைகளின் கழிவு எங்கே போகிறது என்று அடுத்து கேட்டால், அதற்கும் பதில் தேடி வையுங்கள்.

8. கொண்டாட்டத்துக்குப் போனால் முழுசாகப் போங்கள். நம் மாவட்டத்தில் கோடை என்றால் பாரதக் கூத்து. பதினெட்டு நாள் கதை நடந்து, கடைசிக் காலையில் களிமண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். அம்மாவோடு விடிய விடியப் பாயில் உட்கார்ந்து பாருங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு எல்லோரையும் கூட்டிப் போங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசல் ஏறிவிட்டு வாருங்கள். அங்கே போய் மனைவியிடம் நீர்நாய்த் தடம் தேடப் போகிறேன் என்று கழன்றுவிடக் கூடாது. அந்த நாள் அவர்களுடையது.

9. விலங்கு பார்த்த இடத்தைப் போனில் யாருக்கும் அனுப்பாதீர்கள். குழுவில் உள்ளவர்களுக்கும் வேண்டாம். வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள்.

10. ஜூனில் விதை வேலை. நாவல் விதையும் வேப்பம் விதையும் சேர்த்து வைத்தால் முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும், பொறுக்கிய வாரமே நாற்றங்காலுக்குப் போக வேண்டும். இதற்கு லீவு எடுக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் தெருவோர வேப்பமரத்தடியில் பிள்ளைகளும் பாட்டியும் சேர்ந்து பொறுக்கலாம்.

11. நம் பக்கத்தில் கடினமான வேலை கோடையோடு முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும்போது பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கும், சானமாவுக் காடு வரைக்கும் வரும். அவற்றை விரட்டுவது வனத்துறையின் வேலை. ஊர்களுக்குத் தகவல் சொல்வதும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தைச் சாலையில் நிறுத்துவதும் நமக்கு இருக்கும். தூக்கமில்லாத பனி இரவுகள் அவை. அப்போது வீட்டில் மனமுவந்து அனுப்ப வேண்டுமானால், இந்தக் கோடையில் அவர்களுக்குச் சேர வேண்டிய நாள்களில் கை வைக்காதீர்கள். இரவுக் காவலுக்கான பட்டியலை ஆவணிக் கடைசியில் எழுதுவோம். வீட்டில் கேட்டுவிட்டு வந்து பெயர் கொடுங்கள். எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நைட் இல்லாத வாரத்தில் உங்களைப் போட வசதியாக இருக்கும்.